கியர்பாக்ஸில் முப்பத்தேழு டிகிரி

காரை ஒரு லாரி இழுத்து வந்தது. சொந்தக்காரரான பேங்க்காரர் பின்னால் நடந்தே வந்தார். தன் காரில் தானே உட்கார மாட்டாராம். தெரு சும்மா இருக்குமா? விசாரித்து வைத்திருந்தது. போன மாதம் அவர் மனைவி கடும் காய்ச்சலில் இந்தக் காரின் பின் சீட்டில்தான் கண்ணை மூடினாள். பாதி வழியில் கியர் சிக்கி, வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மெக்கானிக்குக்கு மட்டும் இது தெரியாது. தெருப் பேச்சுக்குக் காது கொடுக்காத கர்வி. பட்டப்பெயர் டெஸ்டர். பூட்டிய கதவைப் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். மனைவி தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான்.

"நான் என்ன, உங்க இன்ஜினா?" என்று அவள் கையைத் தட்டிவிடுவாள். கீழே ஷெட், மாடியில் வீடு. அவனுக்கு உலகத்தில் அவளை விட்டால் ஆளில்லை.

"கியர்பாக்ஸ் ஆயில் சூடுன்னு விளக்கு எரியுது. அணையவே மாட்டேங்குது," என்றார் பேங்க்காரர். மாடியை ஒருமுறை பார்த்தார். "வீட்டுல யாரு?"

"சம்சாரம் மட்டும்தான் சார்."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கேனரை மாட்டினான். இன்ஜின் இருபத்துநாலு டிகிரி. வெளிக்காற்று இருபத்துநாலு. கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் நாற்பத்தொன்று. ஒரு மாதமாக ஓடாத வண்டி. கியர்பாக்ஸைத் தொட்டான், சில்லென்றிருந்தது. சென்சாரின் வயரை உருவினான். சென்சார் இல்லையென்றால் காட்ட வேண்டிய மைனஸ் நாற்பதை ஒழுங்காகக் காட்டியது. அப்படியென்றால் வயரிங்கில் குற்றமில்லை. கோளாறு சென்சாரில்தான்.

ஆயிலை வடித்தான். கருகல் நெடிதான் வந்திருக்க வேண்டும். நோயாளி படுத்த அறையின் வாடை வந்தது. ஈரத்துணி, மாத்திரை, வியர்வை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். சென்சாரைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டான். கூடவே ஒரு தெர்மாமீட்டர். சென்சாரின் இரண்டு முனையிலும் மின்தடை பார்க்கும் மீட்டர். அடுப்பைப் பற்றவைத்தான். தண்ணீர் சூடாக ஆக மீட்டரில் எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை. முப்பது டிகிரி. முப்பத்தைந்து. மீட்டர் செத்தது போலக் கிடந்தது.

நாற்பத்தொன்று.

மீட்டர் அசைந்தது.

"அப்பாடா, உயிர் வந்துடுச்சு," என்றான்.

மாடியில் ஏதோ தடாலென்று விழுந்தது.

ஓடினான். சமையலறைத் தரையில் மனைவி சுருண்டு கிடந்தாள். தொட்ட கை சுட்டது. காய்ச்சல் பார்க்கும் குழாய் நாற்பத்திரண்டு காட்டியது. கால் மணி நேரத்துக்கு முன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடியவள்.

அடுப்பு எரிவது நினைவுக்கு வந்து, கீழே பாய்ந்து அணைத்தான். திரும்பி வந்தால் அவள் உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது. தண்ணீரும் ஆறிக்கொண்டிருந்தது.



இறங்கிப் போய்ப் பாத்திரத்தில் நாலு ஐஸ் கட்டி போட்டான். மேலே பல் கிட்டித்து நடுங்கும் சத்தம் கேட்டது.

மற்றவன் என்றால் அத்தோடு விட்டிருப்பான். இவன் டெஸ்டர் ஆயிற்றே. பழுதை இன்னொரு தடவை வரவழைத்துப் பார்க்காமல் பழுது என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

அடுப்பை மறுபடி பற்றவைத்தான்.

"எரியுதுங்க! ஐயோ, உள்ளே எரியுது!"

அடுப்பை அணைத்து, அழுதுகொண்டே பேங்க்காரருக்குப் போன் போட்டான்.

"சார், இது என்ன சென்சார் சார்? என் சம்சாரம்..."

"எத்தனை டிகிரி?"

"சார்?"

"உங்க சம்சாரத்துக்கு."

"நாற்பத்திரண்டு... சாகப் போறா சார். உங்க காலைப் பிடிக்கறேன்."

"தண்ணி உடம்புச் சூட்டுக்கு, முப்பத்தேழுக்கு ஆறட்டும். உடனே கழட்டின இடத்துலயே மாட்டுங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

அன்று அவன் ஒன்றை மட்டும்தான் சோதித்துப் பார்க்கவில்லை. சொன்ன ஆளை.

முப்பத்தேழில் சென்சாரைத் தூக்கினான். திருகினான், வயரைச் சொருகினான், ஆயில் ஊற்றினான். கண்ணீர் மறைத்த கண்ணோடு ஸ்கேனரைப் பார்த்தான். கியர்பாக்ஸ் ஆயில், முப்பத்தேழு. அசையவில்லை.

மாடிப்படியில் வெறுங்கால் சத்தம்.

அவள் இறங்கி வந்தாள். நேராக, நிதானமாக. ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். ஷெட்டில் கிடக்கும் இரும்பின் குளிர்ச்சி அந்தக் கையில்.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"யாருங்க நீங்க?"

வாசலில் பேங்க்காரர் ஒரு பையோடு நின்றிருந்தார். அதிலிருந்து ஒரு ஜோடி பெண்கள் செருப்பை எடுத்துக் கீழே வைத்தார். பழையது, விரல் தடம் பதிந்தது. அவள் நுழைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இவ்வளவு நேரமா? சீட்டுல படுத்துப் படுத்து இடுப்பே போச்சு."

பேங்க்காரருக்கு உதடு துடித்தது. "வந்துட்டேன்மா."

"சார்! அவ என் பொண்டாட்டி சார்!"

அவர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. "கார் எங்களுக்கு வேண்டாம். நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க," என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். அவளும் நடந்தாள்.

தெரு என்ன சொல்லும்? மெக்கானிக் பொண்டாட்டி பேங்க்காரரோடு ஓடிவிட்டாள் என்றது. நடந்துதான் போனாள். நம் தெருவில் யார் போனாலும் ஓடியதாகத்தான் கணக்கு. அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கியர்பாக்ஸுக்குக் கம்பளி சுற்றிவிட்டு வண்டிக்கு அடியிலேயே படுக்கிறான் என்று சிரித்தது.

போன வாரம் பகலில் அந்த ஜோடி இந்தப் பக்கமாகக் கடந்து போயிற்று. வேடிக்கை பார்க்க எல்லா வாசலிலும் தலைகள். ஷெட்டுக்குள்ளிருந்து அவன் கத்தல் கேட்டது.

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... வேண்டாம்மா, பார்க்காதே. போயிட்டாங்க. போயிட்டாங்கம்மா."

எதிர்வீட்டுக்காரர் மனம் கேளாமல் உள்ளே போனார். வண்டிக்கு அடியில் ஈரத்துணியோடு கிடந்தான். "சூடு ஏறுதுண்ணே, பாருங்க," என்று கெஞ்சினான்.

ஸ்கேனர் நின்றுவிட்டால் தெளிவான் என்று அவர் நினைத்தார். அதற்குக் கரண்ட் வருவது காரிலிருந்துதான். பேட்டரியைக் கழற்றிவிடலாமென்று பானெட்டைத் தூக்கினார்.

பேட்டரி வைக்கும் தட்டு காலியாக இருந்தது. அதில் தூசி படிந்து கிடந்தது.

ஸ்கேனர் திரையில் நாற்பது.