வரிசையில் ஒரு காலிக் குதிரை

நெவில் எழுந்து கெட்டிலைப் போட்டான். ரொட்டியைச் சுட்டான். மகள் டில்லியின் ஓட்ஸ் கஞ்சியில் பாலும் சர்க்கரையும் கலந்தான். இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றி, ஒன்றைத் தொட்டியில் கொட்டினான். மனைவி ஹெட்டி இறந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். பிறகு மகளுக்குச் சிவப்புக் கம்பளிக் கோட்டை மாட்டி, உறைபனி படிந்த புல்வெளி வழியே ஆவெரம் மாளிகைக்குக் கூட்டிப்போனான்.

நீண்ட கூடத்தின் கதவைத் திறந்ததும் குதிரை வாடை அடித்தது.

வியர்வையும் ஈரத்தோலும் கலந்த, இன்னும் சூடு ஆறாத வாடை. அந்த மாளிகையின் லாயத்தில் குதிரை நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியபடியே இருந்தன. முந்தின மாலை மூன்றாவது ஓவியத்தின் மேல் அவன் போர்த்திவிட்டுப் போன துணி மட்டும், எதன் காலிலோ சிக்கி இழுபட்டதுபோல, கூடத்தின் மறுகோடியில் கசங்கிக் கிடந்தது.

மூன்று ஓவியங்களிலும் ஒரே ஆள். குதிரைப்படைக் கர்னல் ஆவெரம் பிரபு. முதல் படத்தில் மீசை அரும்பிய இளைஞனாக, தனியாக. இரண்டாவதில் நடுவயது, பின்னால் குதிரை வீரர்கள். மூன்றாவதில் நரைத்த தலை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போய்க் கறுத்த வார்னிஷுக்குள் மறைந்தது. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது நெவிலும் ஹெட்டியும் சேர்ந்து பார்த்த தொழில். முதல் இரண்டையும் அவள் முடித்திருந்தாள். மூன்றாவதைத் தொட்ட வாரத்தில் காய்ச்சலில் விழுந்தாள். எழவில்லை.

அவன் பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து உருட்டத் தொடங்கினான். அந்தத் தொழிலில் எச்சிலைவிட நல்ல மருந்து கிடையாது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் ஆர்மராய்ட் மாலைத் தேநீர்த் தட்டோடு வந்தாள். "பிரபு மூஞ்சியில துப்பறதுக்குச் சம்பளம் வாங்கற ஆளு நீ ஒருத்தன்தான் ராசா."

"துப்பறதில்ல. தடவறேன்."

"நல்லாத் துப்பு. இந்தக் கெழவனுக்கு அது தகும். வாளத் தூக்கிக் காட்டி ஒரு படையையே பீரங்கி வாய்க்குள்ள கூட்டிட்டுப் போயிட்டு, தான் மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தவன். அப்புறம் படம் வரைய உக்காந்தப்பெல்லாம், பின்னாடி ஆள் குறையுது, ஆள் குறையுதுன்னு ஓவியனப் போட்டுப் படுத்தி எடுத்தானாம்." அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே குனிந்தாள். "அட, இதென்ன, ஒரு குதிரையில ஆளக் காணோம்?"

நெவிலும் பார்த்தான். வரிசையின் கடைசிக்கு முந்திய குதிரை. சேணம் காலி. கால் வைக்கும் வளையங்களில் ஒரு ஜோடி பூட்ஸ் பின்னோக்கித் திருப்பி மாட்டியிருந்தது.

"செத்தவன் குதிரை அது," என்றாள். "சவ ஊர்வலத்துல அப்படித்தான் நடத்திட்டுப் போவாங்க. இதுல இருந்தவன் போயிட்டான், இனிமே இதுக்கு ஆள் கூப்பிடாதேன்னு அர்த்தம். வா டில்லி, மாவு பிசையலாம். உங்கப்பன் துப்பிட்டு வரட்டும்."

அவர்கள் போன பிறகு கூடம் அமைதியாக இல்லை. தோல் வார் இழுபடும் சத்தம். கடிவாளம் மெல்ல உரசும் சத்தம். அவன் திரும்பியபோதெல்லாம் நின்றது. எழுந்து ஜன்னல்வரை நடந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல் இருந்தது. குச்சியை எடுத்துக் காலிச் சேணத்தின் மேல் உருட்டினான்.

பஞ்சில் பழுப்பு நிறம் ஏறியது.

பழைய எண்ணெய்ச் சாயம் எச்சிலுக்கு அசையாது. இது புதிது. சுத்தம் செய்பவர்கள் பூசும் பூச்சு. பின்னால் வருபவன் எளிதாக எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கலப்பார்கள். ஹெட்டியின் கலவை. ஆனால் ஓவியத்தில் இல்லாததை அவள் ஒருநாளும் சேர்த்ததில்லை. அப்படியானால் எதை மறைத்தாள்? கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. பூட்ஸ் கரைந்தது. சேணம் கரைந்தது. அடியில் ஒரு சிறிய முழங்கால். பிடரி மயிரைப் பற்றிய குட்டை விரல்கள். சிவப்புக் கம்பளிக் கோட்டு.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

டில்லி. நூற்றைம்பது வருட வெடிப்புகள் அவள் கன்னத்தின் குறுக்கே ஓடின. அவளுக்கு அடுத்து, வரிசையின் கடைசியில், வார்னிஷ் விலகிய ஓரத்தில் இன்னொரு முகம். இடது புருவத்தில் தழும்பு. ஹெட்டியின் தழும்பு. அவள் கர்னலைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்டி அந்த இடத்தில் செத்தவன் குதிரையை வரைந்துவைத்திருந்தாள், கர்னல் அங்கே ஆள் கேட்காமலிருக்க. அதை அவன் துடைத்துவிட்டான்.

பெட்டியைத் திறந்தான். பழுப்புச் சாயம். தூரிகை. பூசினான். ஒட்டவில்லை. மறுபடி பூசினான். எண்ணெய்மேல் பட்ட தண்ணீர்போல உருண்டு வழிந்தது. சட்டத்துக்குள்ளிருந்து வெதுவெதுப்பான மூச்சு மணிக்கட்டில் பட்டது.

ஓடினான்.

சமையலறையில் மிஸஸ் ஆர்மராய்ட் மட்டும். மாவுக் கை. "இங்கதானே இருந்தா ராசா, யாரோ கூப்பிடறாங்கன்னு..."

பின்கதவு திறந்து கிடந்தது.

லாய முற்றம். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிய குளிர்கால வானம். நடுவில் குதிரை ஏறுவதற்கான கல்மேடை. அதற்குப் பக்கத்தில் டில்லி. மேடையின் மேல் அல்ல. அதைவிட உயரத்தில். காலடியில் ஒன்றுமில்லை. விரல்கள் காற்றில் எதையோ இறுகப் பற்றியிருந்தன. அவளைச் சுற்றி, முற்றம் முழுக்க, வரிசை வரிசையாக, வெண்ணிற மூச்சு ஆவி எழுந்து அடங்கியது. ஆளில்லை. குதிரையில்லை. மூச்சு மட்டும்.

"டில்லி! எங்கிட்ட வாடா! குதிச்சிடு!"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த மூச்சு ஆவியெல்லாம் நீண்ட திசையையே பார்த்தாள்.

"தள்ளி நில்லுப்பா, மிதிச்சிடும். அவர் வாளத் தூக்கிட்டாரு."