கயிறு விட்டவன்

ஐப்பசி மாதத்துச் சூரியன் மேற்கு மலைகளுக்குப் பின்னால் இறங்க இன்னும் நான்கு நாழிகை இருந்தது. ஆயினும் வெண்கோட்டு மலைக்காட்டுக்குள் அந்தி முன்னதாகவே வந்து குடியேறிவிட்டது. வானளாவி நின்ற மரங்கள் ஒளியை மேலேயே வடிகட்டிக்கொண்டு, பசுமை கலந்த ஓர் இருட்டை மட்டும் கீழே சொட்டவிட்டன. பாறைகளில் பாசி வழுக்கியது. எங்கோ ஒரு பறவை, துணையைத் தொலைத்ததுபோல, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும் மூவரை நாமும் பின்தொடர்வோம். முன்னே செல்பவன் மசணன்; தேனெடுக்கும் மலைக்குடியைச் சேர்ந்தவன்; தோளில் பெருஞ்சுருளாக நார்க்கயிறு. நடுவில் நடப்பவள் நீலநங்கை. ஆறு நாட்களுக்கு முன்புவரை வெண்கோட்டு மலைநாட்டின் அரசி. இன்று இடுப்பில் ஒரு மருந்து மூட்டையும் தினைமாவு மூட்டையும்தான் அவளுடைய செல்வம். கடைசியாக வருபவன் அவளுடைய உடன்பிறந்த அண்ணன் வீரசாத்தன்.

கருங்குன்ற நாட்டு விடங்கன் கோட்டையைப் பிடித்த இரவில், மார்பில் அம்புக் காயத்துடன் தப்பிய அரசன் ஆதன், இந்தக் காட்டின் மடியில் ஒளிந்திருக்கும் மறையருவிக்குப் போனான். அருவித் திரைக்குப் பின்னால் செங்குத்துப் பாறையில் ஒரு குகை உண்டு. பழைய கொடியேணி ஒன்றைப் பிடித்து அதற்குள் இறங்கினான். மறுநாள் வந்த வெள்ளத்தில் ஏணி அறுந்து போயிற்று. மேலே வர வழியின்றி, காயம் சீழ்பிடித்து, காய்ச்சலில் கிடக்கிறான் என்று மசணன்தான் செய்தி கொண்டுவந்தான். இன்று அவனை மேலே ஏற்றி மலைக்கு அப்பால் கொண்டு போகாவிட்டால், நங்கைக்குக் கணவன் இல்லை.

"இன்னும் எவ்வளவு தூரம், மசணா?"

"சத்தம் கேக்குதுல்ல தாயி? காதுக்குப் பக்கம், காலுக்குத் தூரம்." அவன் குனிந்து தன் கணுக்காலிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்தெறிந்தான். "சாமி, நீங்களும் காலைப் பாத்துக்குங்க. எங்க அட்டைக்கு ராசா, ஆண்டின்னு பேதம் கிடையாது."

வீரசாத்தன் சிரிக்கவில்லை. காலையில் காட்டாறு கரைபுரண்டபோது தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு நீரைக் கடந்தவன் அவன். ஆனால் பாதை திரும்பும் இடந்தோறும் அவனுடைய வலக்கை நீண்டு, ஓரத்துப் பெரணிச் செடியின் நுனியை ஒடித்துக்கொண்டே வந்தது.

"செடி என்ன சாமி பாவம் பண்ணுச்சு?" என்றான் மசணன்.

"கை சும்மா இருக்க மறுக்கிறது," என்றான் வீரசாத்தன்.

"அண்ணாவுக்குச் சிறு வயதிலிருந்தே அந்தப் பழக்கம்," என்றாள் நங்கை. பொய்தான். அண்ணனை ஒருவர் குறை சொல்வது அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவே.

பாதை ஒரு பாறையிடுக்கில் நுழைந்து மறுபுறம் திறந்தது. மறையருவி!

பெரிய அருவியன்று அது. இரண்டு பனையுயரம் இருக்கும். கரும்பாறையின் பிளவிலிருந்து வெண்பட்டை உதறியதுபோல இறங்கி, நான்கு புறமும் மலை சூழ்ந்த சின்னஞ்சிறு மடுவில் விழுந்தது. விழுந்த நீர் புகையாய் எழுந்து வந்தவர்களின் முகத்தை நனைத்தது. வேறொரு நாளாயிருந்தால் கண்ணுக்கு விருந்து. இன்றோ, ஒரு மனிதனை உள்ளே வைத்து மூடிய கதவாகத்தான் நங்கைக்கு அது தெரிந்தது.

மசணன் சீழ்க்கையடித்தான். வெகுநேரம் கழித்து, நீரின் இரைச்சலுக்குள்ளிருந்து கல்லால் கல்லைத் தட்டும் ஓசை மூன்று முறை வந்தது.

"இருக்கிறார்!" நங்கையின் கண்களில் நீர் பெருகியது.

மசணன் அருவியின் தலையருகே நின்ற வேங்கை மரத்தைக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு முனையைப் பாறை விளிம்பில் வைத்தான். மறுமுனையை இரு கைகளிலும் ஏந்தி, கோயிலில் மாலை கொடுப்பவனைப்போல வீரசாத்தனிடம் நீட்டினான்.

"புடிங்க சாமி. எங்க மலையில இதுக்கு ஒரே முறைதான். தொங்குறவனோட பொண்டாட்டிக்கு அண்ணனோ தம்பியோதான் கயித்தைப் புடிக்கணும். கூடப் பொறந்தவ தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் பாருங்க. என் மச்சான் இருந்தவரைக்கும் நான் எந்தப் பாறைக்கும் பயந்ததில்ல. பாதித் தேன் எனக்குன்னு சொன்னாத்தான் மேல இழுப்பேன்னு அடம் புடிப்பான், திருட்டுப் பய... உங்க கோட்டை வாசல்ல அவனும் செத்தான். அதனால நான் எறங்க முடியாது. ராசாவே இடுப்புல கட்டிக்குவாரு. நீங்க இழுத்தாப் போதும்."

வீரசாத்தன் கயிற்றைப் பார்த்தான். கை நீளவில்லை.

"என் தோளில் காயம்," என்றான். "நீயே பிடி."

"தோள்ல காயமா? காலையில தாயியைத் தூக்கிகிட்டு ஆத்தைத் தாண்டுன தோளா சாமி?"

நங்கை மெல்லத் திரும்பி அண்ணனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு, வந்த பாதையில் தலை ஒடிந்து தொங்கிய பெரணிச் செடியைப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள். "யாருக்காக ஒடித்தீர்கள்?"

வீரசாத்தன் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"உன் அண்ணி பூதி, விடங்கனின் பாசறையில் இருக்கிறாள், நங்காய். ஏழு மாதக் கர்ப்பிணி. ஆதனின் தலை நாளைக் காலைக்குள் வராவிட்டால் அவள் தலை எனக்கு வந்துவிடும் என்றான். முப்பது வில்லாளிகள் இரண்டு நாழிகை தூரத்தில் வருகிறார்கள். உன்னிடம் பொய் சொல்ல முடிந்தது. வழியெல்லாம் செடி ஒடிக்க முடிந்தது. ஆனால் இதை... விற்றுவிட்ட உயிரை இந்தக் கையால் எப்படிப் பிடிப்பேன்?"

மசணனின் கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று. நங்கை அதைத் தடுத்தாள். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. அண்ணி பூதி தன் கூந்தலைப் பின்னிவிட்ட கைகளை அந்தக் கணத்தில் அவள் நினைத்திருக்கக்கூடும்.

"மசணா, காய்ச்சல்காரரை ஏற்றித் தூக்கிக்கொண்டு ஓட இரண்டு நாழிகை போதுமா?"

"போதாது தாயி."

"குகையிலிருந்து வேறு வழி?"

"தை பொறந்தா தண்ணி வத்தும். மடுவைத் தாண்டி ஆத்துப் பாறை வழியா நடந்தே போயிரலாம். அதுவரைக்கும் உள்ள தேன் இருக்கு, மடுவுல மீன் இருக்கு. மேல இருந்து மூங்கில் குழாயில தினைமாவு அடைச்சு அருவியில விட்டா மெதந்து வந்து சேரும். ஆனா ராசா உயிரோட இருக்காருன்னு எவனுக்கும் தெரியக் கூடாது."

நங்கை கயிற்றின் முனையை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். மூட்டைகளை இறுக்கினாள்.

"அண்ணா, என்னைப் பிடிப்பீர்கள் அல்லவா?"

"நங்காய்!"

"கயிறு அறுந்தது, இருவரும் விழுந்து மாண்டோம் என்று சொல்லுங்கள். சான்று கீழிருந்து வரும். அதைக் கொடுத்து அண்ணியை மீட்டுக்கொள்ளுங்கள்." பாறை விளிம்பில் கால் வைத்தவள் ஒரு கணம் நின்றாள். "உங்களை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். எனக்கே இன்னும் தெரியவில்லை."

அவள் இறங்கினாள். வீரசாத்தன் பிடித்தான். கயிறு உள்ளங்கையைத் தேய்த்து இரத்தம் கசிந்தது. அவன் பிடியைத் தளர்த்தவில்லை. வெண்ணீர் அவளை மூடியது. கனம் குறைந்தது. வெகுநேரம் கழித்து, மூன்று முறை கயிறு அசைந்தது.

அவன் மெல்ல மேலே இழுத்தான். முனையில் ஒரு சிறு மூட்டை. ஆதனின் இரத்தம் தோய்ந்த மேலாடையும், கிழிந்த அவள் முன்றானையும், திருமண நாளில் முடிந்ததுபோல ஒன்றோடொன்று முடியப்பட்டிருந்தன. முடிச்சுக்குள் வெண்கோட்டு முத்திரை மோதிரம்.

காட்டில் வாட்கள் உராயும் ஓசை அருகே கேட்டது.

"கயிறு அறுந்ததுன்னு சொல்லிருங்க சாமி," என்றான் மசணன். "நானும் சொல்றேன்."

"நம்பமாட்டான். மடுவைக் கலக்கித் தேடுவான். உன் குடியைப் பிடித்துக் கயிறு ஏன் அறுந்தது என்று கேட்பான்." வீரசாத்தன் எழுந்தான். அவன் முகத்தில் இப்போது ஒரு விசித்திரமான அமைதி இருந்தது. "நான் விட்டேன் என்றால் நம்புவான். என்னை விலைக்கு வாங்கியவன் அல்லவா? ஆதனை ஏற்றிவர அவளே இறங்கினாள். இருவரும் சேர்ந்து தொங்கும்போது நான் கையை விட்டேன்."

"ஐயோ சாமி! பொறந்தவளைத் தாங்குன கயித்தை விட்டவன்னு இந்த மலையே காறித் துப்புமே! எங்க பிள்ளைங்க பேரன்மார் வரைக்கும் சொல்லுவாங்களே!"

"சொல்லட்டும். அவர்கள் தப்பிப் போன பின்பும் சொல்லட்டும். உண்மை தெரிந்தால் விடங்கன் பூதியைத் தேடி வருவான். மறையருவி சாட்சியாக, என் உயிர் உள்ளவரை மறுத்து ஒரு சொல் சொல்ல மாட்டேன். நீயும் சத்தியம் செய்."

மசணன் குனிந்து அருவி நீரைத் தொட்டான்.

வீரசாத்தன் வேங்கை மரத்துக் கயிற்றை அவிழ்த்து, முழுச் சுருளையும் விளிம்புக்கு மேல் நீட்டிப் பிடித்தான். பிறகு விரல்களைத் திறந்தான். அது வளைந்து நெளிந்து வெண்புகைக்குள் மறைந்தது.

"வருகிறார்கள். உன் வேலையைத் தொடங்கு, மசணா."

"என்ன வேலை சாமி?"

"முதலில் நீ துப்பு."

பாறையிடுக்கில் முதல் வில்லாளியின் தலை தெரிந்தது. மசணன் ஒரு கணம் தயங்கினான். அவன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அருவித் தூவலில் அதை யாரும் காணவில்லை. "கயித்தை விட்டுட்டியேடா பாவி!" என்று மலை அதிரக் கத்தி, வீரசாத்தனின் முகத்தில் காறித் துப்பினான்.

வீரசாத்தன் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. இரத்தம் கசியும் கையில் மோதிரத்தை ஏந்தியபடி, விடங்கனின் ஆட்களை நோக்கி நடந்தான்.