நாற்பத்தேழு விநாடி அருவி

“ஆடாதீங்க... கண்ணைச் சிமிட்டாதீங்க... அவ்வளவுதான்...”

ஸ்டூடியோக்காரி பட்டனை அழுத்தப் போன நேரம் பார்த்து டெலிபோன் அலறியது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் சட்டென்று திரும்பிவிட்டார். பாஸ்போர்ட் படம் பாழ். பதினெட்டு வருடமாக இதே கதைதான். மூன்று விநாடி அசையாமல் இருங்கள் என்றால் போதும், மனிதர்களுக்கு மூக்கு அரிக்கும், தும்மல் வரும், இல்லாத கொசு கடிக்கும்.

எடுத்தாள்.

“காட்டு இலாகா ஆபீஸ்ல இருந்து பேசறோம். மஞ்சள் ரெயின்கோட் போட்டவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“என் தம்பி. ஏன்?”

“அருவியில விழுந்துட்டார்மா.”

“அடி பலமா?”

“உடம்பைச் சவக்கிடங்குக்குக் கொண்டு போயிருக்காங்கம்மா.”

“என் வீட்டுக்காரர் கூடத்தான் போனான். அவர்கிட்ட போனைக் குடுங்க.”

“அவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க...” குரல் தயங்கியது. “அவர்தான் தள்ளிவிட்டார்னு சொல்றாங்க.”

அவள் ரிசீவரை ஒழுங்காகத் திருப்பி வைத்தாள். வாடிக்கையாளரிடம் நாளைக்கு வரச் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவரை காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

*

அவளுடைய வீட்டுக்காரருக்கு அந்த வட்டாரத்தில் ‘அருவி’ என்றே பட்டப்பெயர்.

ஓடை, அருவி, பாசி பிடித்த பாறை. இவற்றைத் தவிர மனிதர் வேறு எதையும் படம் எடுக்க மாட்டார். காலண்டர் கம்பெனிகள் கேட்டு வாங்கும். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் எல்லாம் மனைவி தலையில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தோளில் கேமராவும், பின்னால் அதை நிறுத்தும் முக்காலியைச் சுமந்துகொண்டு மச்சானுமாகக் காட்டுக்குள் நடந்துவிடுவார்.

மச்சான் தங்கமான பையன். ஒரே ஒரு குறைதான். மாமா மாங்கு மாங்கென்று கோணம் பார்த்து முடித்ததும், சரியாக அந்தப் படத்துக்குள் போய் நிற்பான்.

அந்தக் குறைதான் இப்போது மாமாவைக் கம்பிக்குப் பின்னால் தள்ளியிருந்தது.

“ஏழு பேர் கேட்டிருக்காங்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “காட்டு வாசல் கேட்டுல வச்சு, ‘இன்னொரு தடவை படத்துக்குள்ள வந்தே, அருவியில தள்ளிடுவேன்’னு உங்க வீட்டுக்காரர் சொன்னதை.”

“சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பார் சார். வாராவாரம் சொல்றதுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வாக்குமூலத்தில் சிரிப்பை எழுத இடம் இல்லை.

மீதியை இன்ஸ்பெக்டர் சொன்னார். காட்டுக்குள் போனது மூன்றே பேர். மாமா, மச்சான், வழிகாட்டி. காட்டு இலாகாவின் பச்சைச் சட்டை போட்ட அந்த வழிகாட்டி, இரண்டு பேரும் அருவி உச்சியில் சண்டை போட்டதையும், மாமா கை ஓங்கித் தள்ளியதையும் எதிர்க்கரையிலிருந்து கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். பார்த்தவுடன் ஓடிப்போய்க் கையிலிருந்த கம்பை நீட்டியதாகவும், அதற்குள் பையன் போய்விட்டதாகவும்.

“அவர் கீழே ஓடைக்கரையில படம் எடுத்துட்டிருந்ததா சொல்றாரே?”

“அந்தப் படத்தையும் பார்த்துட்டேன். அருவி இருக்கு, பாறை இருக்கு, மனுஷங்க ஒரு ஈ காக்கா கூட இல்ல. அதை முன்னாடியே எடுத்து வச்சுட்டு மேல போயிருக்கார். நாளைக்கு மூணு மணிக்குக் கோர்ட். பார்க்கணும்னா அஞ்சு நிமிஷம் பாருங்க.”

கம்பிக்குப் பின்னால் அருவி சுருண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை இன்னும் காயவில்லை. மச்சானை நீரிலிருந்து தூக்கியவர் அவர்தான்.

“என்ன நடந்துச்சு?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னா?”

“அவன் மேல சுத்திப் பார்த்துட்டு வர்றேன்னு போனான். நான் கறுப்புக் கண்ணாடியை லென்ஸ்ல மாட்டினேன். அதை மாட்டிட்டா கேமரா வழியா ஒண்ணும் தெரியாது. பட்டனை அழுத்தினேன். அருவி சத்தத்துல பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது...”

“கேமராவுல தெரியாது சரி. நீங்க எங்கே பார்த்துட்டிருந்தீங்க?”

அவர் தலை குனிந்தது.

“கடிகாரத்தை. செகண்ட் எண்ணிட்டிருந்தேன்.”

“என் தம்பி விழும்போது கடிகாரத்தையா பார்த்துட்டிருந்தீங்க?”

அருவிக்கு எதிரே நின்றுகொண்டு யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்களா? வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தம்பியைப் பறிகொடுத்தாயிற்று. புருஷனையும் பறிகொடுக்கப் போகிறாள். அதைவிடக் கொடுமை, அவரை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்தாள்.

வியாபாரத்துக்கு இல்லை. சவக்கிடங்கில் ஒரு படிவம் நிரப்பக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒட்டத் தம்பியின் பாஸ்போர்ட் சைஸ் படம் இரண்டு வேண்டும். போன வருடம் அவளே எடுத்தது. அதிலும் ஆடித்தான் இருந்தான், கடன்காரன்.

படத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது கான்ஸ்டபிள் வந்து நின்றார். கையில் மெமரி கார்டு.

“அவசரமா பிரிண்ட் வேணும்க்கா. ரெண்டு மணிக்குள்ள...”

சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. ஸ்டேஷன் படங்கள் எல்லாவற்றையும் பல வருடமாக அவளிடமே கொண்டுவந்து பழகிய கால், இன்றைக்கும் தானாக வந்துவிட்டது. அது யாருடைய கேஸ் என்பதைக் கால் யோசிக்கவில்லை.

“ஐயையோ... வேற கடையில பார்த்துக்கறேன்.”

“பக்கத்துல வேற கடை இல்ல. குடுங்க.”

கம்ப்யூட்டரில் படம் விரிந்தது. அதே அருவி. தண்ணீர் தண்ணீராகவே இல்லை. பால் ஊற்றியதுபோல வழுவழுவென்று இறங்கியது. காலண்டர்க்காரர்கள் இதற்குத்தான் உயிரை விடுவார்கள். உச்சிப் பாறை காலி. இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான்.

படத்துக்குக் கீழே தேதி, நேரம். அதற்குக் கீழே ஒரு வரி.

நாற்பத்தேழு விநாடி.

அவள் கை மௌஸிலேயே நின்றுவிட்டது.

மெல்லப் பெரிதாக்கினாள். உச்சியிலிருந்து ஓர் ஆள் உயரம் கீழே, வெள்ளைத் தண்ணீருக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்த ஒரு கல். அதன்மேல் புகை படிந்ததுபோல ஒரு மஞ்சள் தீற்றல். பார்க்கிறவன் சருகு என்றே நினைப்பான்.

அவள் நினைக்கவில்லை. அந்த மஞ்சளை அவள்தான் தேடி வாங்கினாள். காட்டில் தொலைந்தால் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று.

இன்னும் பெரிதாக்கினாள். இடது கரையில் ஒரு மரக்கட்டை.

கட்டைக்குத் தொப்பி இருந்தது!

“என்னக்கா ஆச்சு? தண்ணி குடிக்கறீங்களா?” என்று பதறினார் கான்ஸ்டபிள்.

“ரெண்டு மணிக்கு நானே கொண்டு வர்றேன்னு சொல்லுங்க.”

அவர் போனதும் மேஜை டிராயர்களைத் திறந்து கொட்டினாள். போன வாரம் தம்பி ஒரு படம் பிரிண்ட் போடச் சொன்னான். ஓடையோரம் வழிகாட்டி குனிந்திருக்கிற படம். தெரியாமல் எடுத்தேன், சூப்பராக வந்திருக்கிறார், கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்றான். போட்டுக் கவரில் வைத்தாள். ஒரு நாளைக்கு நூறு படம் போடுகிறவள் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை.

கவர் கிடைத்தது. மேலே தம்பியின் கோணல் எழுத்து. ‘வழிகாட்டி அண்ணனுக்கு அன்புடன்.’

படத்தை உருவி இப்போது உற்றுப் பார்த்தாள். எழுந்து போய்ப் பெரிய பிரிண்டரைப் போட்டாள்.

*

மணி இரண்டேகால்.

ஸ்டேஷனில் வழிகாட்டி வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுடுங்கம்மா. என்னால காப்பாத்த முடியல.”

“நீங்க என்ன செய்வீங்க அண்ணே” என்றாள். கையில் சுருட்டிய பெரிய பிரிண்ட். “சார், இவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்.”

கேஸ் முடிந்துவிட்ட நிம்மதியில் இருந்த இன்ஸ்பெக்டர், சீக்கிரம் என்று கையைக் காட்டினார்.

“என் தம்பி விழுந்ததும் நீங்க அப்படியே திகைச்சுப்போய் நின்னுட்டீங்களா?”

“நிக்கறதா?” அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரு செகண்ட் கூட நிக்கலம்மா. ஓட்டமா ஓடினேன். ஓடிப்போய்க் கம்பை நீட்டறதுக்குள்ள போயிட்டான்.”

“எழுதிக்கிட்டீங்களா சார்?”

“அது முதல் பக்கத்துலயே இருக்கு.”

அவள் பிரிண்ட்டை மேஜைமேல் விரித்தாள். மேஜை போதவில்லை. ஒரு முனையைக் கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார்.

“இந்த மஞ்சள், என் தம்பியோட ரெயின்கோட். அவன் நேரா கீழ விழல சார். இந்தக் கல்லைப் பிடிச்சுட்டுத் தொங்கியிருக்கான்.” விரலை இடது கரைக்கு நகர்த்தினாள். “இது யாரு?”

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பெரிய பிரிண்ட்டில் மரக்கட்டைக்கு முகம் வந்திருந்தது. தொப்பி, தோள்பை, பக்கத்தில் செங்குத்தாக ஊன்றிய கம்பு. கம்பின் கணு கூடத் தெரிந்தது.

“நீங்கதானேய்யா?”

வழிகாட்டி சுதாரித்துக்கொண்டார்.

“நான்தான். அதான் சொன்னேனே, ஓடினேன்னு. ஓடும்போது எடுத்த படம் சார் இது. படத்துல ஓடறவனும் நிக்கற மாதிரிதானே தெரிவான்?”

“பார்த்தீங்களா, அண்ணனே ஒத்துக்கிட்டாரு” என்றாள் அவள். “சார், தண்ணியைப் பாருங்க. ஒரு துளியாவது தெரியுதா? பால் மாதிரி இருக்கு. ஏன் தெரியுமா? இது ஒரு செகண்ட்ல எடுத்த படம் இல்ல. நாப்பத்தேழு செகண்ட் கேமரா கண்ணைத் திறந்தே வச்சிருக்கு. இதுக்குள்ள நகர்றது எதுவுமே பதியாது. துடிச்சுக்கிட்டுத் தொங்கினதால என் தம்பி புகையா ஆயிட்டான். இவர் ஒரு அடி எடுத்து வச்சிருந்தாக்கூடக் கலைஞ்சு போயிருப்பார்.”

அவள் வழிகாட்டியை நேராகப் பார்த்தாள்.

“நீங்க ஓடியிருந்தா இந்தப் படத்துல இருந்திருக்கவே மாட்டீங்க.”

கான்ஸ்டபிள் படத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. கேமராவைத் தானாக எடுக்கிற மாதிரி வைத்துவிட்டு அவள் வீட்டுக்காரர் மேலே போய்த் தள்ளியிருக்கலாமே என்றார்.

“அந்தக் கேமரா தானா எடுத்தா முப்பது செகண்ட்தான் சார். அதுக்கு மேல வேணும்னா ஒயர் நுனியில இருக்கற பட்டனைக் கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சுட்டே இருக்கணும். அழுத்தினபடியே நிறுத்தி வைக்க அந்தப் பட்டன்ல ஒரு லாக் இருந்துச்சு. உடைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. புதுசு வாங்குங்கன்னு கரடியா கத்தினேன், கஞ்சன் வாங்கல. பட்டனை நீங்களே எடுத்து அழுத்திப் பாருங்க. காட்டுக்குள்ள மூணு பேர். ஒருத்தன் கல்லுல தொங்கறான். ஒருத்தர் கரையில நின்னு வேடிக்கை பார்க்கறார். பட்டன் மேல இருந்த கட்டைவிரல் யாரோடது?”

உள்ளே கம்பிக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மீதியைச் சொல்ல முடியாது.

“நான் எதுக்கு சார் அந்தப் பையனைத் தள்ளணும்?” வழிகாட்டியின் குரல் தேய்ந்திருந்தது.

“அதையும் அவனே உங்களுக்காகப் பிரிண்ட் போட்டு வச்சிருந்தான்.”

கவரைப் பிரித்தாள். ஓடையோரம் குனிந்திருந்த வழிகாட்டியின் கையில் சுருக்குக் கம்பி. சுருக்கில் ஒரு மான் கால். காட்டைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவர், காட்டுக்குக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தார். எடுத்தவன் மானைக் கவனிக்கவே இல்லை. அண்ணன் அழகாக விழுந்திருக்கிறார் என்று மட்டும்தான் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் கம்பியருகே போய் அருவியிடம் ஏதோ கேட்டார். ஆமாம், காட்டுக்குள் நடந்து போகும்போது மச்சான் வழிகாட்டியிடம், “உங்க படம் ஒண்ணு நம்ம ஓடைகிட்ட எடுத்தது, பிரமாதமா வந்திருக்கு அண்ணே” என்று சொன்னதாக அருவி அழுதுகொண்டே சொன்னார்.

வழிகாட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“வேணும்னே சொல்றான், மிரட்டறான்னு நினைச்சேன்...”

“நல்லா வந்திருக்குன்னுதான் சொன்னான்” என்றாள் அவள். “அவனுக்கு வேற அர்த்தம் வச்சுப் பேசத் தெரியாது.”

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்துக்கொண்டு வந்தார். வழிகாட்டியின் கண் வாசல் பக்கம் ஓடியது. எழுந்தார். கால் மெல்ல நகர்ந்தது.

“அசையாம நில்லு!” என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டூடியோக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதை மட்டும் அவருக்குச் சொல்லித் தர வேண்டாம் சார். என் கடைக்கு வர்றவங்க மூணு செகண்ட் ஆடாம நிக்கறதில்ல... அண்ணன் நாப்பத்தேழு செகண்ட் நின்னவர்.”