காலடியில் நிற்பவள்

ஊசி இன்னும் உறையிலிருந்து வெளியே வரவில்லை. அதற்குள் திரையில் அவள் கணவனின் வலி இறங்கத் தொடங்கிவிட்டது.

ஸ்கேன் அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் கணினி முன் உட்கார்ந்திருந்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். சாம்பல் நிற மூளைப் படத்தின் மேல் வலி இருக்கும் இடமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும். வலி உண்டாக்குவதற்காகக் கெண்டைக்காலில் கட்டிய காற்றுப் பட்டை இறுக இறுக அந்தச் சிவப்பு பரவும். ஊசி போட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். எத்தனையோ பேருக்குப் படம் எடுத்திருக்கிறாள், வழக்கம் அதுதான். இன்றோ பட்டை இறுகும்போதே சிவப்பு மங்கியது. சன்னலுக்கு அப்பால் அக்குபங்சர் டாக்டரம்மா அப்போதுதான் கதவருகே நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஓகோ, வந்து நின்றாலே போதுமா ஐயாவுக்கு, என்று பல்லைக் கடித்தாள்.

வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் குழிக்குள் தவறி விழுந்து இடுப்பு நரம்பு நசுங்கிப் படுத்த நாளிலிருந்து, அவனைத் தூக்கி உட்கார வைத்தது யார்? முதுகுக்கு வெந்நீர்ப் பை ஒற்றியது யார்? தூக்கத்தில் முனகினாலும் எழுந்து கால் பிடித்துவிட்டது யார்? வருஷக்கணக்காக மாடாய் உழைத்தவளிடம் ஒரு நாளாவது 'இப்ப தேவலை' என்று வாய் திறந்து சொன்னானா? டாக்டரம்மா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு களை. இந்த ஆராய்ச்சியில் அவனைச் சேர்த்துவிட்டதும் இவளேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆராய்ச்சியை நடத்தும் புரொபசர் அவள் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியாம்மா? ஆரம்பத்துல எங்க குத்தினா மூளையில எங்க தெரியுதுன்னு ஊசியப் பாத்தோம். அப்புறம் தோல்ல இறங்காம, குத்தின மாதிரி மட்டும் காட்டற பொய் ஊசி வச்சுப் பாத்தோம். அதுக்கும் வலி குறைஞ்சுது. இப்ப இந்தத் துறையில பாதிப் பேர் ஊசிய விட்டுட்டாங்க. ஊசி பிடிக்கிற கையப் பாக்கறாங்க."

"கையையா சார்?"

"பக்கத்துல யார் நிக்கறாங்க, அவங்கள இவர் எவ்வளவு நம்பறார்னு. மருந்தே அதுதான் போல இருக்கு."

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமலே இருந்திருந்தால் அன்றைக்காவது ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பாள்.

அன்று சாயங்காலம், வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரின் இரைச்சலுக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்துக்கும் அடியில் இன்னொரு சத்தம் இருப்பது மெல்ல மெல்லத்தான் காதில் விழுந்தது. குழாயை மூடினாள். ஃபிரிட்ஜின் முனகல், மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பது, எல்லாம் ஒவ்வொன்றாக விலக, படுக்கையறையிலிருந்து கணவனின் குரல் தனியாகத் தெரிந்தது. தாழ்ந்த குரல். நடுநடுவே பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நின்று நின்று பேசினான். பிறகு சிரித்தான். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பான்.

ஈரக் கையோடு போய்க் கதவைத் தள்ளினாள். விளக்குப் போடாத அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் போன் கூடத்து மேஜையில் கிடந்தது.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"உன்கிட்டதான்."

"நான் சமையல்கட்டுல இருந்தேன்."

"விளையாடாத. இப்பதானே என் காலப் பிடிச்சுவிட்டுட்டு எழுந்த?"

டாக்டரம்மா வீடு வரைக்கும் வந்துவிட்டாள். அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலமாரியைத் திறந்தாள், வெட்கத்தை விட்டுப் படுக்கை விரிப்பை மோப்பம் பிடித்தாள். டாக்டரம்மாவிடம் எப்போதும் அடிக்கும் ஸ்பிரிட் வாசனை துளியும் இல்லை. சோப்பு வாசனை இருந்தது. அவளுடைய சோப்புதான். ஆனால் அவள் குளித்தது காலையில், இந்த வாசனையோ இப்போதுதான் தலை துவட்டிக்கொண்டு வந்தவள் மேல் அடிப்பதுபோல் ஈரமாக இருந்தது. கால்மாட்டில் மெத்தை ஓரம் யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல் அமுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு.

அங்கேயே உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்தாள். அவன் விருட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

"மெதுவா. உன் கை ஏன் திடீர்னு இப்படி இருக்கு?"

மறுநாள் நடைபாதையில் டாக்டரம்மாவை மறித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தீங்களா மேடம்?"

"உங்க வீடு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதேம்மா." டாக்டரம்மா முகத்தில் கோபம் இல்லை, ஒரு தயக்கம்தான் தெரிந்தது. "நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அவர் வலி குறையறதுக்கு நான் காரணமில்ல. நான் உள்ள போறதுக்குள்ளயே குறைஞ்சிடுது. எப்படின்னு கேட்டேன். 'என் சம்சாரம் காலப் பிடிச்சிட்டு நிக்கறா, கண்ணாடியில தெரியறா'ன்னார்."

மெஷினுக்குள் படுப்பவர்களின் கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி ஒன்று சாய்வாக இருக்கும். அதில் அவர்களுடைய கால்மாடு தெரியும்.

"நான் ஒரு நாளும் உள்ள வந்ததில்லையே மேடம்."

"அது எனக்கும் தெரியும்," என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டது. டாக்டரம்மாவாக இருந்திருந்தாலாவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். இது யார்? என் முகத்தை வைத்துக்கொண்டு, நான் பட்ட பாட்டுக்கெல்லாம் கூலி வாங்கிக்கொண்டு போகிறவள் யார்? என் கை பட்டால் அவருக்கு எப்படி இருக்கிறது என்று நானே பார்க்கிறேன். அந்த ஒரு எண்ணம் பிடித்தபிடியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'இன்னொரு தடவை படம் எடுக்கணுமாம்' என்று பொய் சொல்லி அவனை அழைத்து வந்தாள். ஸ்கேன் அறை இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. அங்கே வெளியே பார்க்கும் சன்னல் கிடையாது, பகலும் இரவும் கிடையாது. சும்மா இருக்கும்போதும் மெஷினைக் குளிர்விக்கும் பம்பு ஏதோ பறவைக் குஞ்சு மாதிரி விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவனைப் படுக்க வைத்து, போர்வையால் கால் வரை மூடி, பலகையை உள்ளே அனுப்பினாள். கணினியில் படப்பதிவை ஓடவிட்டு, ஸ்கேன் அறைக்குள் போய் அவன் பாதத்தின் மேல் கையை வைத்தாள். முடிந்தவரை இதமாக. அவன் கால் விறைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரைக்குத் திரும்பினாள்.

படம் முழுக்கச் சிவப்பு. காற்றுப் பட்டையை இன்று கட்டவேயில்லை. அவள் கை வைத்திருந்த நேரம் நெடுக, மூளையில் வலி பற்றாத இடம் பாக்கியில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமாக இதைத்தானா செய்துகொண்டிருந்தேன்?

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் போயிற்று. ஓரங்கள் சாம்பலாயின. ஸ்பீக்கரில் மெஷினின் தடதடப்புக்கு நடுவே அவன் பெருமூச்சு கேட்டது.

"ம். இப்ப சரி. இப்படியே பிடிச்சுக்கோ."

உள்ளே இருப்பவரோடு பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"யாரச் சொல்றீங்க?"

"யாரு பேசறது?" என்றான் அவன்.

சன்னல் வழியே பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. வெள்ளை வெளிச்சம். மெஷினின் வாய். வெளியே நீண்ட பலகையில் போர்வை மூடிய இரண்டு பாதங்கள்.

போர்வை அமுங்கியது. வலது பாதத்தின் மேல் ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. விரல் விரலாக.

ஓடினாள். கனத்த கதவை இழுத்துத் திறந்தாள். பொத்தானை அழுத்திப் பலகையை வெளியே கொண்டுவந்தாள். போர்வையை உருவி எறிந்து, இரண்டு கையாலும் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க. இங்க பாருங்க. நான்தான்."

அவன் அலறினான்.

அவளைப் பார்த்தான். முன்பின் அறியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது.

"ஏம்மா, யாரிது? கைய எடுக்கச் சொல்லேன். உயிர் போகுது."

அவளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரச் சோப்பு வாசனை.

"நீங்க கண்ண மூடிக்குங்க. நான் பாத்துக்கறேன்."

அவளுடைய குரலேதான். அவள் வாய் திறக்கவில்லை. அவ்வளவு கனிவாக அவள் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது.

அவன் உடனே கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் தோளில் விரல்கள் படிந்தன. அழுத்தின. வலிக்கவில்லை. மரத்துப்போனது. தோள். முழங்கை. மணிக்கட்டு. அவன் பாதத்தைப் பற்றியிருந்த அவள் விரல்கள் தாமாக விரிவதைப் பார்த்தாள். பார்க்கத்தான் முடிந்தது. அவள் கைக்கு அடியில், அவளுடையதைப் போலவே ஒட்ட வெட்டிய நகங்களோடு இன்னொரு கை நீண்டு வந்து, அவள் விட்ட இடத்தில் பதிந்தது.

அவன் முகத்தில் இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விலகின. சிரித்தான்.

கத்த நினைத்தாள். மரப்பு அதற்குள் தாடைக்கு ஏறியிருந்தது. அந்தக் கை நிதானமாக, பிரியமாக, அவன் பாதத்தைத் தடவிக்கொண்டேயிருந்தது.