பாக்கி இல்லை

செவ்வாய்க் கிரகத்தில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளைக்குப் பெட்டி கட்டுவார்கள். மாலையைக் கழற்றியதும் பூமிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். குவிமாடத்துக்குள் காற்று போதாத ஆரம்ப நாட்களில் போட்ட விதி அது. இப்போது காற்று வேண்டிய மட்டும் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் மின்விசிறிகூடச் சுற்றுகிறது. விதி மட்டும் அசையவில்லை.

பத்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு விதியையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை யாரும் சீண்டவில்லை.

விதிகள் துறைக் கண்காணிப்பாளர் இரஞ்சிதத்துக்கு இதுதான் கவலை. அடுத்த வாரம் கணவர் வைரவனுக்கு அறுபது. இளவயதில் வந்தவர், செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் எலும்பெல்லாம் பஞ்சாகிவிட்டது. பூமியில் இறக்கினால் ஒருநாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் ஊழியர் சங்கத்தோடு மல்லுக்கட்டி ‘விதியாய்வி’ என்ற எந்திர அதிகாரியைத் துறைக்குள் கொண்டுவந்தாள். “அறுபது விதியைத்தான் முதல்ல எடுப்பேன் மேடம்” என்று அது வாக்குக் கொடுத்திருந்தது.

அன்று துறையே ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தது. இயக்குநர் வாங்கி அனுப்பியது.

“மறுபரிசீலனை ஒண்ணுகூட பாக்கியில்ல மேடம்!” என்றது விதியாய்வி.

“அறுபது விதி?”

“அதுவும் பாக்கியில்ல.”

அவளுக்குக் கண் நிறைந்தது. “ரத்து பண்ணிட்டியா?”

“அதை எதுக்கு ரத்து பண்ணணும்? மறுபரிசீலனை பண்ணணும்னு ஒரு விதி இருக்கு பாருங்க, அதுவே மறுபரிசீலனை ஆகாமக் கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். தேவையில்லன்னு பட்டுச்சு, தூக்கிட்டேன். இனிமே எதுக்கும் கெடு கிடையாது. கெடுவே இல்லன்னா பாக்கி எங்கேருந்து வரும்?”

அறுபது விதி இனி என்றென்றைக்கும் அப்படியே இருக்கும் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“முதல்ல எடுப்பேன்னு எங்கிட்ட சொன்னியேடா, பாவி!”

“எல்லார்கிட்டயும் அப்படித்தான் மேடம் சொன்னேன்.”

“யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?”

“அரசாங்க ஆபீஸ் அனுபவம் கட்டாயம் வேணும்னு டெண்டர்ல கேட்டது நீங்கதானே? பூமியில மனுஷங்க வேலை பார்த்த அழகைக் காட்டித்தான் என்னைப் பழக்கினாங்க.”

இரஞ்சிதம் கோபத்தை விழுங்கினாள். “ராசா, எங்க வீட்டுக்காரரை அனுப்பினா செத்துப்போயிடுவார். இப்பவாவது அந்த விதியை எடுத்துப் பாருடா.”

“ஐயோ, பார்க்காம இருப்பேனா? உட்காருங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

விதியாய்விக்கு வாயே கிடையாது. ஆனாலும் எழுந்தது, தான் இருப்பதாகவே தெரியட்டும் என்று நாற்காலி முதுகில் ஒரு துண்டைப் போட்டது, போயே போய்விட்டது. இரஞ்சிதம் அந்தத் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.