பதினோரு கொட்டாவிகள்

அக்காதான் முதலில் உள்ளே வந்தாள். தங்கையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள் என்றே சொல்லலாம். நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் வாயைத் திறந்துவிட்டாள்.

"டாக்டர், இவளுக்கு நெஜமாவே தலைவலியா, இல்ல நடிப்பான்னு நீங்கதான் சொல்லணும். ஏழு வருஷமா இதே பாட்டு. படுத்துட்டான்னா நானே போய் லைட்டைப் போடுவேன். அப்பவும் எந்திரிக்க மாட்டா."

தலைவலிக்கென்றே கிளினிக் நடத்தும் டாக்டருக்கு இந்த ரக உறவினர்களைக் கண்டால் ஆகாது. அதை மறைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

"வலி யாருக்கோ அவங்க பேசட்டும்" என்றார்.

தங்கைக்கு முப்பத்து நான்கு வயது. மருந்துப் பாட்டில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் சரிபார்ப்பு வேலை. ஒரு தாளில் இருபது லேபிள்கள். மைப்பொட்டு விழுந்த லேபிளைச் சிவப்பு பென்சிலால் சுழித்து, தாளின் மூலையில் நேரத்தை எழுத வேண்டும். சென்ற வாரம் பல பொட்டுகளைத் தவறவிட்டிருந்தாள். 10.50க்குத் தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். தப்பை மறைக்க நடித்தாள் என்பது கம்பெனியின் கட்சி. அன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. டிஸ்மிஸ் ஆர்டர் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. வீட்டில் இரண்டு குழந்தைகள். சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஆதாரம் என்று கம்பெனி இரண்டு விஷயங்களைக் கொடுத்திருந்தது: அன்றைய ஆறு தாள்கள், சூப்பர்வைசர் ஒரு வருடமாக அவளைப் பற்றி எழுதிவந்த நோட்டின் நகல்.

நர்ஸ் தாள்களைப் பார்த்த மாத்திரத்தில் வழக்கை முடித்துவிட்டாள். அவளுக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். "கண்ணுல கோளாறு மேடம். கண்ணாடி போட்டா சரியாயிடும்."

"கண்ணாடி வேணும்னா ஆறு தாள்லயும் விட்டிருக்கணும். முதல் தாள்லயும் கடைசித் தாள்லயும் ஒண்ணு கூட விடலையே" என்ற டாக்டர், தங்கையிடம் திரும்பினார். "லேபிள்ல எந்த இடத்துல கண்ணு வைப்பீங்க?"

"நடுவுல, மருந்து பேர் மேல. சுத்தி இருக்கறது தானா தெரியும்."

டாக்டர் தாள்களை நேரப்படி அடுக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டு நகலைப் படித்தார். படிக்கும்போது ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார். அதன்பின் ஒரு மணி நேரம் கேள்விகள். திடீரென்று இடி விழுந்தாற்போல் வலி வந்ததுண்டா? காய்ச்சல், கை கால் பலவீனம், தலையில் அடி? எதுவும் இல்லை. நரம்புகளையும் கண்ணின் உட்புறத்தையும் சோதித்தார். "நாலு மணிக்கு நானும் வர்றேன்" என்றார்.

மேனேஜரின் அறையில் தலைக்கு மேல் நான்கு குழல்விளக்குகள் எரிந்தன. டாக்டரோடும் தங்கையோடும் அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தாள். தனக்கு வராத நோய் உலகத்தில் யாருக்கும் வராது என்று நம்புகிறவர் மேனேஜர். பக்கத்தில் சூப்பர்வைசர், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இவங்களுக்குத் தலையில ஸ்கேன் எடுத்தாச்சு டாக்டர். சுத்தமா இருக்கு. அப்புறம் எங்கேருந்து வலி?" என்றார் மேனேஜர்.

"மைக்ரேன் ஸ்கேன்ல தெரியாது. வேற நோய் இல்லன்னு வேணா ஸ்கேன் சொல்லும். இதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். கேக்கறதுக்குத்தான் இங்க யாருக்கும் பொறுமை இல்ல." டாக்டர் தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். "10.10, எதையும் விடல. 10.15, நடுவை ஒட்டின பொட்டை மட்டும் விட்டிருக்காங்க. 10.20, கொஞ்சம் இடது பக்கம். 10.25, இன்னும் இடது. 10.30, இடது ஓரம். வலது பக்கத்துல ஒண்ணு கூடத் தப்பல. 10.35, மறுபடி எல்லாம் சரி. கவனக்குறைவு இப்படி வரிசையா நடந்து போகுமா?"

டாக்டர் தங்கையைப் பார்த்தார். "கண்ணு முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு ஒரு வெளிச்சக் கோடு ஓடுச்சு. அது போன வழியில ஒண்ணும் தெரியல. இல்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாம். சொன்னா கண்ணும் போச்சுன்னு வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு சொல்லல."

"சில பேருக்கு மைக்ரேன் வலிக்கு முன்னால பார்வையில இப்படி ஆகும். நிமிஷக் கணக்குல நகர்ந்து, தானா சரியாகும். அப்புறம்தான் வலி."

"கதை நல்லா இருக்கு" என்றார் சூப்பர்வைசர். "வலி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத்தான்" என்று டாக்டர் நகலை எடுத்துப் படித்தார். "'முந்தின நாள் மதியமே கொட்டாவி. வலது நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு, சம்மட்டியால் அடிக்கிறது என்று நடிப்பு. விளக்கை அணைத்துப் படுத்தாள். மெஷின் சத்தம் பொறுக்கவில்லையாம். வாந்தி, விரல் விட்டிருக்கலாம். மாடி ஏறச் சொன்னேன், பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மாலையும் வலி என்கிறாள்.' ஒரு வருஷத்துல பதினோரு தடவை, இதே வரிசை. தேதி, நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், வாந்தி, வெளிச்சம், சத்தம். என் நோயாளிங்க கிட்ட கெஞ்சினாலும் இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்க. வஞ்சம் வச்சு எழுதினதால ஒண்ணு கூட விட்டுப் போகல. மைக்ரேன் வர்றதுக்கு முந்தின நாளே சில பேருக்குக் கொட்டாவி வரும். நடிக்கறவ முந்தின நாளே வந்து கொட்டாவி விட்டு ஒத்திகை பார்ப்பாளா? மைக்ரேன்தான். உங்க நோட்டுதான் எனக்கு முதல் சாட்சி."

சூப்பர்வைசர் நோட்டை மூடினார். மூடி என்ன பிரயோஜனம்? நகல் எடுத்துக் கொடுத்த புத்திசாலி அவரேதான்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிஸ்மிஸ் ஆர்டரை இழுப்பறைக்குள் தள்ளினார். டாக்டர் கையை நீட்டினார். காகிதம் வெளியே வந்தது. மேனேஜரே அதைக் கிழித்தார்.

"மருந்து இருக்கு. நிறைய கொறைச்சுடலாம்" என்றார் டாக்டர் தங்கையிடம். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, வலது நெற்றிப்பொட்டில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அங்கே வந்ததிலிருந்து வாயே திறக்காத அக்கா எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. நேராகச் சுவரருகே போய், நான்கு விளக்குகளையும் அணைத்தாள்.