சந்திராவின் வலது கை

ஞாயிறு மத்தியானம் சந்திரா தூக்கம் கலைந்து எழுந்தபோது, மகள் ரோஷினியின் கணுக்காலில் இருந்த பழைய கொசுக்கடித் தழும்பைச் சுற்றி வெள்ளி மையில் ஒரு வட்டம் இருந்தது.

"இன்னாடி இது?"

"நீதாம்மா போட்ட. தூக்கத்துல." ரோஷினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சந்திரா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவள் அவள். வெட்டுமுன் தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணிக்கடி, முள் கீறல் என்று கிடைக்கிற பழுதையெல்லாம் வெள்ளிப் பேனாவால் வட்டமிட வேண்டும். வட்டத்தை ஒதுக்கிவிட்டு, நல்ல தோலில்தான் கத்தி இறங்கும்.

மழைக்காலத்தில் அவள் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. பிழைத்தாள். வலது கையில் பலமும் இருந்தது, செய்கிற விதம்தான் அதற்கு மறந்துபோயிருந்தது. சீப்பைக் கொடுத்தால் பல் தேய்க்கப் போனது. ஸ்பூனைத் தலைகீழாகப் பிடித்தது. பழகின சாமானைக் கையில் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னது இந்தச் சீப்பையும் ஸ்பூனையும்தான். அவள் புருஷன் பெருமாளோ கம்பெனிக்கு ஓடி, அவளுடைய பேனாவையும் வெட்டுக்கத்தியையும் வாங்கி வந்துவிட்டான். வெட்டுக்காரிக்கு வேறெது பழகின சாமான் என்பது அவன் கணக்கு.

"கை தானா வேல செய்யுதுன்னா நல்லதுதான? ஏன் பேஜார் பண்ற?" என்றான், மகள் காலில் இருந்த வட்டத்தைப் பார்த்து.

"நான் சொல்லாம அது ஏன்யா செய்யணும்? மொதல்ல அந்தக் கத்திய எடுத்து ஒளிச்சு வை."

பரண்மேல் வைத்தான். அன்றிரவிலிருந்து அவள் துப்பட்டாவால் வலது கையைக் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு படுத்தாள். முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "எனக்கு நீயா, உனக்கு நானா, பாத்துடலாம்" என்று கையிடம் சொன்னாள். விரல்கள் மெல்ல மடங்கி விரிந்தன.

வியாழக்கிழமை ரோஷினிக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவில்லை. பெருமாள் வேலைக்குப் போய்விட்டான். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது, கரண்ட் போனது, ஜன்னல் வழியே ஈரக்காற்றோடு பதனிடாத தோலின் புளித்த நாற்றம் வந்தது. மாத்திரை போட்ட மகள் குப்புறப் படுத்து அசந்து தூங்க, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு படுத்த சந்திராவுக்கும் எப்போதோ கண் அசந்தது.

ஒரு சத்தம் அவளை எழுப்பியது. சரக், சரக் என்று உள்ளங்கை எதன்மேலோ உரசுகிற சத்தம். வேலை மேசையில் தினமும் கேட்ட சத்தம்தான் அது.

துப்பட்டா அவிழ்ந்து கிடந்தது. சட்டைப் பொத்தானைக்கூடப் போடத் தெரியாத விரல்கள் அந்த முடிச்சை அவிழ்த்திருந்தன.

பரணுக்குக் கீழே ஸ்டூல் நின்றது. அவளுடைய கால்களே நடந்திருக்கின்றன.

மகளின் சட்டை மேலே ஏறியிருந்தது. முதுகில் மச்சத்துக்கு ஒரு வட்டம். வேர்க்குருவுக்கு ஒரு வட்டம். நடுவில் அகலமாக, சுத்தமான இடம். வலது கை பேனாவைக் கீழே வைத்தது. கத்தியை எடுத்தது. சரியாகப் பிடித்தது.

"ஏந்திரி! ஓடுடி!"

இடது கையால் மகளைக் கட்டிலிலிருந்து தள்ளினாள். கத்தி பாயைக் கிழித்தது. ரோஷினி அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சந்திராவின் கால்களும் கட்டிலை விட்டு இறங்கின, மகளை நோக்கி.

"வெளிய தாப்பா போடு! நான் கூப்ட்டாலும் தொறக்காத!"

தாழ்ப்பாள் விழுந்தது. மகள் பிழைத்தாள். அது போதும்.

கை இன்னும் தேடியது. கதவுப் பக்கம் இழுத்தது. அவள் சுவரில் முதுகை ஊன்றி நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் ஜாஸ்தியாக இருந்தது.

"என் புள்ள உனக்குக் கெடைக்கமாட்டா" என்றாள். இடது கையை அதன் முன்னால் நீட்டினாள். "இந்தா. வா."

வலது கை நின்றது. பிறகு கத்தியை விரலிடுக்கில் பிடித்தபடியே, பொறுமையாக, இடது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உள்ளங்கையால் தடவியது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய வடு ஒன்றுதான் தட்டுப்பட்டது. கத்தி முனையால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

மற்றதெல்லாம் நல்ல தோல்.